வாசிப்பைக் கொல்வோர் யார்?

‘நம் பிள்ளைகள் படிப்பதில்லை’ என்னும் ஓலம் இன்று நாடெங்கும் ஒலிக்கின்றது. ஆசிரியர் கூட்டங்களில் ஒலிக்கின்றது. இலக்கிய விழா மேடைகளில் ஒலிக்கின்றது. நூல் வெளியீடு முடிந்தபின், விற்காமல் எஞ்சிய கட்டுகளை மீண்டும் மகிழுந்தில் ஏற்றுகின்ற எழுத்தாளரின் பெருமூச்சிலும் ஒலிக்கின்றது. ஓலமிடுவோர் அனைவரும் ஒரே குற்றவாளியைச் சுட்டிக் காட்டுகின்றனர். பிள்ளைகளின் கையிலிருக்கும் கைப்பேசிதான் அக்குற்றவாளியாம்!

இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. கைப்பேசி நேற்று வந்தது. இந்த ஓலமோ அதற்கு மிகவும் மூத்தது. வீடியோ நாடா வந்தபொழுது அதனைப் பழித்தோம். அதற்கு முன் தொலைக்காட்சியைப் பழித்தோம். அதற்கும் முன் திரைப்படத்தைப் பழித்தோம். பழிக்கப்படும் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளது. பழிப்போராகிய நாம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றோம். கைப்பேசி பிள்ளைகளின் பொழுதைக் களவாடுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காவலில்லாத வீட்டில்தான் களவு நிகழும். அது தேனைக் காட்டி அழைக்கின்றது. நாமோ நூலைக் கசாயமாகக் காய்ச்சி, மூக்கைப் பிடித்துப் புகட்டுகின்றோம். பிள்ளை தேனை நாடுவதில் வியப்பென்ன இருக்கின்றது?

பிள்ளைகளிடம் வாசிப்பு ஆர்வம் இல்லை என்பது பொய். கதை சொல்லப் போகிறேன் என்று ஓர் ஆசிரியர் கூறியவுடன், முதலாம் ஆண்டு வகுப்பறையில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். ஏழு வயதில் கதைக்காக ஏங்கும் அதே பிள்ளை, பன்னிரண்டு வயதில் நூலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றது. இடையிலுள்ள ஆறு ஆண்டுகளும் அப்பிள்ளை எங்கே இருந்தது? நம்மிடம் இருந்தது. நம் வகுப்பறையில், நம் கண்முன் இருந்தது. ஆகவே, வாசிப்பைக் கொல்வோர் யாரெனத் தேடுவோர் தெருவுக்குப் போக வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்திற்குள் வந்தால் போதும்.

கைக்கு எட்டிய ஆறு ஆண்டுகள்

இது ஏதோ கற்பித்தல் முறை பற்றிய சிறு வழக்கு என்று எவரேனும் எண்ணுவராயின், அவர் நம் நாட்டுத் தமிழ்க் கல்வியின் அமைப்பை மறந்தவராவார். 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கல்வி, இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக வளர்ந்து நிற்கின்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்த இப்பெருமையை மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்க வேண்டியதே. ஆனால், அப்பள்ளிகளில் ஒரு பிள்ளை பயில்வது ஆறே ஆண்டுகள்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் அப்பிள்ளை மலாய்மொழி வழி இயங்கும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றது. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும், குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால் கற்பிக்கப்படும் என்பதே 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் காட்டும் வழி. ஆசிரியர் கிடைக்காத பள்ளிகள் உண்டு. பள்ளி நேரத்திற்கு அப்பால் தமிழ் வகுப்பு தள்ளப்பட்ட பள்ளிகளும் உண்டு. அந்நிலையில், ஒரு தமிழ் நூலைத் தானே தேடி எடுத்துப் படிக்கும் பழக்கம் பதின்மூன்றாம் வயதில் புதிதாய் முளைக்குமா? முன்னரே வேர்விட்டிருந்தால் தழைக்கும், இல்லையேல் இல்லை. வேர்விடுவதற்கு நமக்குத் தரப்பட்ட காலம் அந்த ஆறு ஆண்டுகளே.

எழுத்தாளர் நண்பர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டு தோன்றி, தலைமுறை பல கண்ட ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019ஆம் ஆண்டு நின்று போயிற்று. ஓர் இதழ் நிற்பதற்குக் காரணம் பல இருக்கலாம். எனினும், வாசகர் தொகை தேயத் தேய எந்த இதழும் தளரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதன்று. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து, இது போன்ற கட்டுரைத் தொகுப்பொன்றை வாங்கிப் படிக்கப் போகிறவர், இன்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைதான். அப்பிள்ளையின் வாசிப்பு பட்டுப் போனால், அச்சகமும் விழா மேடையும் பொன்னாடையும் இருக்கும், படிப்பவர் இருக்கமாட்டார்.

கேள்வியோடு முடியும் பத்திகள்

படிக்கத் தெரிதல் வேறு. படிக்க விழைதல் வேறு. முன்னதை நாம் கற்பிக்கின்றோம். பின்னது தானே வந்துவிடும் என்று நம்பிக் கொண்டிருக்கின்றோம். நீந்தத் தெரிந்தவன் எவனும் ஆற்றை விரும்புவான் என்பது போன்ற நம்பிக்கை இது. நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் பிள்ளையின் தலையைப் பிடித்து நீரில் அமுக்கியவரிடம் நீச்சல் கற்ற பிள்ளை, ஆற்றங்கரைக்கே வராது.

1988ஆம் ஆண்டு தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அன்று மகிழ்ந்தவர் பலர், கலங்கியவரும் பலர். தேர்வு போயிற்று, அதன் ஆவி மட்டும் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. கருத்துணர்தல் பத்திகள் இன்னும் நாள்தோறும் படியெடுக்கப்பட்டு வழங்கப்படுகின்றன. பயிற்சி நூல்கள் இன்னும் கட்டுக் கட்டாக வாங்கப்படுகின்றன. ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்விகள். மறுநாள் வேறொரு பத்தி, வேறு ஐந்து கேள்விகள். இவ்வாறு நூற்றுக்கணக்கான பத்திகளைப் படித்து முடித்த பிள்ளை, தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய ஒரு முழுக் கதைநூலையேனும் படிக்காமல் பள்ளியை விட்டு வெளியேற முடிகின்றது. இதனை விடக் கொடிய முரண் வேறுண்டோ?

பத்தி என்பது நூலிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. அதில் கதைமாந்தர் எவரோடும் பிள்ளை பழகுவதில்லை. அடுத்து என்ன நிகழும் என்று ஏங்குவதுமில்லை. கேள்விக்கு விடை எந்த வரியில் ஒளிந்திருக்கின்றது என்று தேடுகின்றது. கண்டதும் கோடிட்டு, பத்தியைக் கைவிடுகின்றது. சோதிக்கப்படுவதற்கான முன்னேற்பாடே வாசிப்பு என்று அப்பிள்ளை கற்றுக் கொள்கின்றது. சோதனை முடிந்த பின்னர் அது ஏன் படிக்க வேண்டும்?

எண்ணிக்கை என்னும் மாயை

அடுத்தது பதிவேடு. மாணவரிடையே வாசிப்பை வளர்க்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தோடு, ‘நீலாம்’ எனப்படும் வாசிப்புத் திட்டத்தைக் கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் கொண்டு வந்தது. அந்நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால், நல்ல நோக்கத்தை எண்ணிக்கையாக்கிக் கெடுக்கும் திறமை நம்மிடம் நிறைய உண்டு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்கங்கள், கதைச்சுருக்கம், படிப்பினை என்று கட்டம் கட்டமாக நிரப்புமாறு பிள்ளைகளைப் பணித்தோம். எத்தனை நூல் என்று எண்ணினோம். அதிக எண்ணிக்கை காட்டியவரைச் சபைக்கூடலில் நிறுத்திக் கைதட்டினோம். இன்று அப்பதிவு கணினி வழியே நிகழ்கின்றது. ஏடு மாறியது, எண்ணும் வேட்கை மாறவில்லை.

இதன் விளைவு என்ன? பிள்ளைகள் நம்மை விடக் கூர்மையானவர்கள். எண்ணிக்கைக்கே மதிப்பு என்று கண்டதும், மெலிந்த நூல்களாகத் தேடி எடுக்கின்றனர். பின்னட்டையில் உள்ளதைச் சுருக்கம் என்று எழுதுகின்றனர். தோழனின் பதிவைப் பார்த்துப் படியெடுக்கின்றனர். அவர்களைப் பொய்யர் என்று கடிந்து பயனில்லை. நாம் கேட்டதை அவர்கள் தந்தனர். நாம் கேட்டது எண்.

மறுபுறம், இருநூறு பக்க நூலொன்றை ஒரு மாதம் முழுவதும் நெஞ்சோடு அணைத்துப் படித்த சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். அவளுடைய கணக்கில் ஒன்றே ஒன்று. அவளுக்குக் கைதட்டல் இல்லை. அந்தச் சபைக்கூடலில் அவள் கற்றுக் கொண்ட பாடம் யாது என்பதை ஆசிரியப் பெருமக்களின் சிந்தனைக்கே விடுகின்றேன். நாவலொன்றைப் படித்து முடித்த இரவில், அதன் பக்க எண்ணையும் படிப்பினையையும் எழுதி மேலதிகாரியிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று நமக்கு ஆணை வருமாயின், நம்மில் எத்தனை பேர் அடுத்த நாவலைக் கையில் எடுப்போம்?

பூட்டிய அலமாரி

தமிழகத்தின் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931ஆம் ஆண்டு அவர் வகுத்து வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகரால் போற்றப்படுகின்றன. நூல் என்பது காத்து வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது அவற்றுள் முதலாவது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பன அடுத்தவை. தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர் உலகுக்குச் சொன்ன விதிகள் இவை. அவ்விதிகள் நம் பள்ளி நூலகத்தின் கதவைத் தாண்டி உள்ளே நுழைந்தனவா?

பள்ளிகள் பலவற்றில் நூலகம் பூட்டிக் கிடக்கின்றது. திறந்திருந்தால் அலமாரி பூட்டிக் கிடக்கின்றது. கண்ணாடிக்கு அப்பால் நூல்கள் அழகாக, அசையாமல் நிற்கின்றன. அதிகாரிகள் வருகின்ற நாளில் தூசி துடைக்கப்படுகின்றது. ‘நூல் தொலைந்தால் யார் பொறுப்பு? கிழிந்தால் யார் பொறுப்பு?’ என்று கேட்கின்றோம். கணக்கெடுப்பின் போது நூல் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவர் ஆசிரியர் என்பது உண்மைதான். அவ்வச்சம் எனக்குப் புரியாததன்று. ஆயினும், படிக்கப்படாமலேயே பழுப்பேறிக் கரையானுக்கு இரையாகும் நூலுக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லையே! கிழிந்த நூல், எவரோ ஒரு பிள்ளையால் படிக்கப்பட்ட நூல். தொலைந்த நூல், பெரும்பாலும் எவரோ ஒரு பிள்ளையின் தலையணைக்குக் கீழே இருக்கும் நூல். நூலகத்துக்கு அதனினும் பெரிய வெற்றி வேறில்லை.

நீதி கேட்கும் பழக்கம்

தமிழாசிரியராகிய நம்மிடம் ஊறிப் போன பழக்கம் ஒன்றுண்டு. எந்தக் கதையைச் சொன்னாலும், எந்த நூலைக் கொடுத்தாலும், ‘இதன் நீதி யாது?’ என்று கேட்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை. நரியின் தந்திரத்தைக் கேட்டு வகுப்பே குலுங்கிச் சிரிக்கின்றது. அச்சிரிப்பு அடங்குவதற்கு முன்னரே கரும்பலகையில் ‘படிப்பினை’ என்று எழுதுகின்றோம். சிரிப்பு நின்று விடுகின்றது. பிள்ளைகள் கையைக் கட்டிக் கொண்டு, நாம் எதிர்பார்க்கும் வாக்கியத்தை ஒப்புவிக்கின்றனர்.

நீதியை நான் இகழ்வதாக எவரும் கருதல் வேண்டா. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் திருக்குறளும் நம் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்ற பகுதியில் இடம்பெற்றுள்ளன; அவை கற்பிக்கப்பட வேண்டியனவே. ஆனால், எல்லா நூலையும் அறநூலாக்கினால் அறநூலுக்கும் மதிப்பில்லை, கதைக்கும் உயிரில்லை. நல்ல கதை தன் நீதியைத் தானே பிள்ளையின் நெஞ்சில் வைத்துவிட்டுப் போகும். அது முளைக்கின்றதா என்று நாள்தோறும் மண்ணைக் கிளறிப் பார்ப்பவன் உழவனாகான்.

செவியும் கண்ணும்

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு கடினமாக இருப்பதற்கு உரிய காரணம் ஒன்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் பிள்ளை பேசும் தமிழ் ஒன்று. நூலில் காணும் தமிழ் வேறொன்று. ‘சாப்ட்டாச்சு’ என்று பேசும் பிள்ளை, ‘உணவருந்தி முடித்தான்’ என்று படிக்க வேண்டியுள்ளது. வீட்டுப் பேச்சில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து கிடக்கின்றன. தமிழே பேசாத தமிழர் வீடுகளும் பெருகி விட்டன. ஆகவே, நூலில் உள்ள மொழியைப் பிள்ளை முதன் முதலாகக் கண்ணால்தான் சந்திக்கின்றது. செவிக்கு அறிமுகமில்லாத மொழியைக் கண் எப்படி இனங்காணும்?

அதனோடு எழுத்தின் தடைகளும் சேர்கின்றன. ‘கெ’ என்று எழுதும் பொழுது கொம்பு முன்னால் நிற்கின்றது. ஒலியோ பின்னால் வருகின்றது. ‘கொ’ என்னும் எழுத்தில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து நீண்டு விடுகின்றன. ‘எடுத்துக்கொண்டிருந்தபொழுது’ என்னும் ஒரு சொல்லின் முன் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை மலைத்து நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எழுத்தைக் கூட்டுவதிலேயே வலிமையெல்லாம் செலவாகி விடுவதால், கருத்தைச் சுவைப்பதற்கு அப்பிள்ளையிடம் எதுவும் எஞ்சுவதில்லை.

இந்நிலையில் நாம் என்ன செய்கின்றோம்? வரிசையாக எழுப்பி நிறுத்தி, ஆளுக்கு ஒரு வாக்கியமாக உரக்க வாசிக்கச் சொல்கின்றோம். திக்கும் பிள்ளை திக்குகின்றது, மற்றவை நகைக்கின்றன, ஆசிரியர் திருத்துகின்றார். தன் முறை வரும் வரை ஒரு பிள்ளைக்கு நெஞ்சம் படபடக்கின்றது. முறை முடிந்தவுடன் அது கதையைக் கேட்பதே இல்லை. வாசிப்பு என்றாலே அவமானம் என்று ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பதிந்து விட்டால், அதனைப் பின்னர் எந்தப் பரிசாலும் துடைக்க முடியாது.

செய்ய வேண்டுவது எளிது. ஆசிரியர் வாசிக்க வேண்டும்; பிள்ளைகள் கேட்க வேண்டும். நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு, ஒவ்வொரு நாளும் ஆசிரியர் வாசித்தால், நூலின் மொழி பிள்ளையின் செவிக்குள் குடியேறும். செவியில் குடியேறிய சொல்லை ஏட்டில் காணும்பொழுது, பழகிய முகத்தைக் கண்டது போலப் பிள்ளை அதனை இனங்கண்டு கொள்ளும். பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் இடையே வேறு பாலம் இல்லை.

தோட்டப்புறப் பள்ளியொன்றில் நான் கண்டதைச் சொல்கின்றேன். நான்காம் ஆண்டு ஆசிரியை ஒருவர், நாள்தோறும் ஒரு நீண்ட கதையைச் சிறிது சிறிதாக வாசித்து வந்தார். வெள்ளத்தில் படகு அடித்துச் செல்லப்படும் இடத்தில் ஒரு நாள் நூலை மூடினார். அவ்வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். அன்று ஓய்வு நேரத்தில் உணவுக்குச் செல்லாமல் மேசையருகே வந்து நின்று, அந்நூலைக் கேட்டு வாங்கினான். சொல்லின் கீழே விரலை வைத்து, உதடு அசைய, ஒரு பக்கத்தை முடிக்க அவனுக்கு ஓய்வு நேரம் முழுவதும் தேவைப்பட்டது. இரண்டு சொற்களுக்கு மட்டும் ஆசிரியையிடம் பொருள் கேட்டான். மறுநாளும் வந்தான். அவன் வகுப்பில் முதல் மாணவனாகி விடவில்லை. மதிப்பெண்ணிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால், எவரும் ஏவாமல் அவன் படித்தான். நாம் எழுதிக் குவித்திருக்கும் அறிக்கைகள் அனைத்தும் தேடிக் கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தானே!

சாக்குகளும் விடைகளும்

‘பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே நேரம்?’ என்பர். நாளொன்றுக்கு 15 நிமிடம் கேட்கின்றேன். ஆண்டில் 190 நாள் பள்ளி நடந்தால், அது 47 மணி நேரத்திற்கு மேலாகும். நூறு பக்கச் சிறுவர் நூலொன்றை உரக்க வாசிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்று கொண்டாலும், ஆண்டுக்குப் பத்து நூல்களுக்கு மேல் ஒரு வகுப்பு கேட்டு முடிக்கும். ஆறு ஆண்டுகளில் அறுபது நூல்கள்! பயிற்றித்தாள் ஒன்றைக் குறைத்தால் இந்நேரம் கிடைத்து விடும். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பாடத்திட்டம் வகுத்துள்ள திறன்களுக்கு இதனினும் சிறந்த உரம் எது?

‘பணமில்லை’ என்பர். 1950களில், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதியைத் தொடங்கி, தலைக்கு ஒரு வெள்ளி தருமாறு தமிழரை வேண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காக அந்நிதி திரட்டப்பட்டது. பால்மரம் சீவிய கையும் தெருக் கூட்டிய கையும் அந்த ஒரு வெள்ளியைத் தந்தன. தாம் நுழையாத பல்கலைக்கழகத்தில், தாம் படிக்கப் போகாத நூல்களுக்காகத் தந்தன! அம்மக்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், வகுப்புக்கு நாற்பது கதைநூல் வாங்கப் பணமில்லை என்று சொல்லலாமா? பள்ளி விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு எடுக்கப் பணமிருக்கின்றதே!

‘நம் பிள்ளைகளுக்கேற்ற நூல்கள் இல்லை’ என்பர். இச்சாக்கில் மட்டும் பாதி உண்மை உண்டு. தமிழகத்திலிருந்து வரும் நூல்கள் பல நன்று. அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பாடாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? வாண்டுமாமாவின் கதைகளில் மயங்காதவர் எவர்? ஆயினும், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் பிறந்து, அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, மும்மொழி பேசும் நண்பரோடு ஆடி, ரம்புத்தான் பழுக்கும் காலத்திற்காகக் காத்திருக்கும் நம் பிள்ளை, தன் முகத்தையும் ஒரு நூலில் காண விரும்பாதா? முரசு நெடுமாறன் நம் மண்ணுக்குரிய சிறுவர் பாடல்களைத் தந்தார். கே. பாலமுருகன் நம் நாட்டுச் சிறுவர்க்கென மர்மக் கதைகளை எழுதினார். இத்தகையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் நம் வறுமை.

எழுத்தாளர் பெருமக்களே, உங்கள்மீதும் வழக்குண்டு. சிறுவர்க்கு எழுதுதல் சிறுமை என்று கருதி விட்டீர்கள். கவிதைக்கும் சிறுகதைக்கும் நாவலுக்கும் போட்டி நடத்துகின்றீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதியவர்க்கு என்ன பரிசு வைத்திருக்கின்றீர்கள்? 1950களில் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்று சிறுவர்க்கு இடம் ஒதுக்கிற்று. அதில் எழுதிப் பழகிய இளைஞர் பலர் பின்னாளில் மலேசிய, சிங்கப்பூர் இலக்கியத்தின் தூண்களாயினர். நாற்றங்காலைத் தரிசாகப் போட்டுவிட்டு, அறுவடைக்கு அரிவாள் தீட்டுவோரை என்னென்பது?

ஆசிரியர் படிக்கின்றாரா?

எல்லாவற்றினும் கசப்பான கேள்வியை இறுதிக்கென வைத்திருந்தேன். ஆசிரியராகிய நாம் படிக்கின்றோமா? சுற்றறிக்கையையும் பாடநூலையும் புலனத்தில் வரும் துணுக்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டா. சென்ற மாதத்தில், எவரும் பணிக்காமல், விருப்பத்தோடு ஒரு தமிழ் நூலைத் தொடங்கி முடித்தவர் நம் ஆசிரியர் அறையில் எத்தனை பேர்? படிக்காத ஆசிரியர் வாசிப்பின் சிறப்பைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினாலும், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இனிப்பைச் சுவைத்தவனின் முகமே வேறு. அதனைப் பிள்ளைகள் ஒரு பார்வையில் கண்டு கொள்வர்.

ஆசிரியப் பயிற்சிக் கழகங்களையும் கேட்கின்றேன். வாசிப்பைக் கற்பிக்கும் முறைகள் பற்றிப் பயிற்சி ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். நல்லது. அவர்கள் படித்த சிறுவர் நூல்கள் எத்தனை? ஐம்பது சிறுவர் நூல்களையேனும் படித்திராத ஒருவரை வகுப்பறைக்கு அனுப்புதல், மருந்தின் பெயரறியாதவரை மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். எந்தப் பிள்ளைக்கு எந்த நூல் என்று அவர் எங்ஙனம் அறிவார்?

செயற்பாலன

குறை கூறுதல் எளிது. வழி யாது என்று கேட்போர்க்கு ஐந்து வழிகளைச் சொல்கின்றேன். இவற்றுக்குச் சுற்றறிக்கையும் வேண்டா. சிறப்பு நிதியும் வேண்டா.

முதலாவது, முதலாம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரை, ஒவ்வொரு வகுப்பிலும் நாள்தோறும் 15 நிமிடம் ஆசிரியர் உரக்க வாசிக்கட்டும். பெரிய பிள்ளைகளுக்கு இது தேவையில்லை என்பது தவறு. கடினமான நூலுக்குள் அழைத்துச் செல்ல அவர்களுக்கே வழித்துணை மிகுதியாக வேண்டும்.

இரண்டாவது, வகுப்பறை ஒவ்வொன்றிலும் பூட்டில்லாத நூலடுக்கு ஒன்று, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். நூல் வீட்டுக்குப் போகட்டும், கிழிந்து திரும்பட்டும், ஒட்டி வைப்போம்.

மூன்றாவது, நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளையிடம் இருக்கட்டும். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் இருக்கட்டும். படக்கதை படித்தால் படிக்கட்டும். அந்நாளில் ‘அம்புலிமாமா’வின் படங்களைப் பார்த்துப் படிக்கத் தொடங்கிப் பின்னர்ப் பேரிலக்கியங்களைத் தொட்டவர் நம்மிடையே நிறைய உண்டு.

நான்காவது, விருப்ப வாசிப்புக்குக் கேள்வித்தாள் வேண்டா, நீதி வேண்டா, மதிப்பெண்ணும் வேண்டா. பேச்சு மட்டும் இருக்கட்டும். ‘உனக்குப் பிடித்த இடம் எது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று நண்பரைக் கேட்பது போலக் கேட்போம். பதிவு செய்ய வேண்டிய கடமை இருப்பின் செய்வோம். ஆனால், எண்ணிக்கைக்குக் கைதட்டுவதை நிறுத்துவோம்.

ஐந்தாவது, ஆசிரியர் படிப்பதைப் பிள்ளைகள் காணட்டும். வாரத்தில் ஒரு நாளேனும், தலைமையாசிரியர் உட்பட அனைவரும் அமைதியாக அமர்ந்து அவரவர் நூலைப் படிப்போம்.

இவற்றால் எல்லாப் பிள்ளைகளும் நூற்புழுக்களாகி விடுவர் என்று நான் வாக்களிக்கவில்லை. வகுப்பில் நால்வர், ஐவர் தாமாகத் தமிழ் நூலைத் தேடும் வாசகராக வெளியேறினாலும், 500க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை ஆயிரவர் வருவர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை வாசகர் இருந்தால், நூலைக் கட்டிச் சுமந்து வீடு திரும்பும் எழுத்தாளர் இந்நாட்டில் இருக்கமாட்டார்.

ஆசிரியத் தோழர்களே! குழு அமைத்து ஆராய இதில் ஒன்றுமில்லை. நாளைக் காலையில், முதல் பாடவேளை தொடங்குமுன், நூலக அலமாரியின் சாவியைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கதைநூலாக ஒன்றை எடுங்கள். வகுப்புக்குச் சென்று, பிள்ளைகளை அருகில் அமர வைத்து, முதல் பக்கத்தை வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். அலமாரியை மீண்டும் பூட்டவும் வேண்டா.